நாலு இட்லி

ஊசி போட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது.

இட்லி இன்னும் வரவில்லை.

அவள் கட்டிலில் சாய்ந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு முப்பது. எட்டு பத்துக்கு இன்சுலின் போட்டுவிட்டது கணவர் தனுஷ்கோடிதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிசகும் இல்லாமல். அதில் அவருக்கு ஒரு பெருமை.

போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று நர்ஸ் சொன்னதற்கும் அவர்தான் தலையை ஆட்டினார்.

கர்ப்பப்பையை எடுத்து ஒன்பது நாள். தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. சர்க்கரை நேற்று முந்நூற்றுப் பத்து. முந்தாநாள் அறுபத்து நாலு. ஏறினால் புண் ஆறாது. இறங்கினால் ஆளே இருக்க மாட்டாள்.

இன்று காலை நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊசி. அந்த ஊசிக்குத்தான் நாலு இட்லி.

இட்லி வெந்து இறங்கும் நேரத்தில் நாத்தனார் சிந்தாமணி வந்தாள், புருஷனோடு. நோயாளியைப் பார்க்க.

இந்த வீட்டு மாப்பிள்ளை அவர். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம், பேரன் எடுத்தாயிற்று, இன்னும் மாப்பிள்ளை. அவர் படியேறினால் முதல் தட்டு அவருக்குத்தான். செத்த வீடாக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்களோ என்னவோ.

வாங்கி வந்த ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நேராகச் சமையலறைக்குப் போயின.

நாத்தனார் மட்டும் அறைக்குள் வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தலையணை ஓரத்தில் இருந்த மிட்டாய்களைப் பார்த்தாள். படபடப்பு வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள நர்ஸ் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆறு மிட்டாய்.

"சக்கரைக்காரி தலமாட்டுல மிட்டாயா? நல்லா இருக்கே! அப்புறம் புண்ணு எப்படி ஆறும்?"

"இல்ல மதினி, அது வந்து..."

அதற்குள் ஆறும் கைப்பைக்குள் போய்விட்டன. ஜிப்பும் இழுத்தாயிற்று. அக்கறையாம்.

எட்டு நாற்பது.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்து மேஜையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டு. தட்டில் நாலு இட்லி.

அவளுடைய நாலு இட்லி.

"என்னங்க."

சத்தம் போட்டால் தையல் இழுக்கிறது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள்.

"இந்தா வந்துட்டேன். மாவு தீந்துருச்சு. அத்தான் சாப்பிட்டதும் உனக்கு உப்புமா கிண்டித் தர்றேன். பத்தே நிமிஷம்."

பத்தே நிமிஷம். ரவையை இனிமேல்தான் வறுக்க வேண்டும்.

உள்ளே போன மருந்துக்கு மாப்பிள்ளையைத் தெரியுமா, மருமகளைத் தெரியுமா? அது பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் உதடு மரத்தது. பிறகு விரல்கள். கழுத்து வேர்த்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மாப்பிள்ளை தனுஷ்கோடியிடம் பேசிக்கொண்டிருந்தார். முதல் இட்லி முடிந்திருந்தது.

"எல்லாம் வாயைக் கட்டாததுனால வர்றது, மாப்ள. வாயைக் கட்டிட்டா ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவளுக்கு ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து வந்தது. தையல் போட்ட இடத்திலிருந்தே வந்தது. முப்பது வருடமாக எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டவள். ஆறிப்போனதை, அடியில் ஒட்டியதை, மிஞ்சியதை. அப்போதெல்லாம் பசி மட்டும்தான். பொறுத்துக்கொள்ள முடிந்தது.

இது பசி இல்லை.

எழுந்தாள். தரை சாய்ந்தது. கட்டிலைப் பிடித்தாள், கதவைப் பிடித்தாள், சுவரைப் பிடித்தாள். இடது கை வயிற்றை விடவில்லை.

"நீ எதுக்கு எந்திரிச்சு வந்த?" என்றாள் நாத்தனார்.

பதில் சொல்ல நாக்கு வரவில்லை.

மேஜை வந்துவிட்டது. தட்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை பிட்டு, சாம்பாரில் புரட்டி, வாய்க்கு எடுக்கப் போன இட்லி.

அவள் அதை எடுத்து வாயில் போட்டாள்.



மென்றாள். விழுங்கினாள். அடுத்ததை எடுத்தாள். விரல் நடுங்கி சாம்பார் நைட்டியில் சொட்டியது. வாயைக் கட்டச் சொன்னவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயய்யோ, எச்சித் தட்டுடி அது!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "அடுத்த ஆம்பள எச்சிய..."

அவள் மென்றுகொண்டே கையை நாத்தனாரின் கைப்பைக்கு நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். கை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நாத்தனாரின் முகம் மாறியது.

ஜிப் திறந்தது.

ஒரு மிட்டாயைப் பிரிக்க அவளால் முடியவில்லை. நாத்தனார்தான் பிரித்துக் கொடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

தனுஷ்கோடி சாம்பார்க் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார்.

"என்னம்மா இது, அத்தான் முன்னால..."

அவள் நாற்காலியை இழுத்து, மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அங்கே அவள் உட்கார்ந்ததே இல்லை. தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நாக்கு மெல்ல வந்தது.

"மணி என்ன?"

அவர் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி போட்ட பிறகு இப்போதுதான் பார்க்கிறார்.

"எட்டு அம்பது."

"எனக்கு எத்தன மணிக்கு ஊசி போட்டீங்க?"

அவர் பார்வை கடிகாரத்திலிருந்து அவள் கைக்கு வந்தது, மறுபடி கடிகாரத்துக்குப் போனது.

கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் நாலாவது இட்லியைப் பிட்டாள்.