குற்றியலுகரத்தின் எட்டு ரசிகர்கள்

"சார், போன வாரம் பேசினதையே இந்த வாரமும் பேசுங்க. ஒரு வரிகூட மாத்தாதீங்க" என்று அந்தப் பெண் கேட்டதும் தமிழாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தோரு வருடப் பணியில் அவரிடம் யாரும் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. வீட்டுப்பாடம் என்னவென்றுகூட.

கேட்டவள் லேசுப்பட்ட ஆளும் இல்லை. பதினோராம் வகுப்பு, அறிவியல் மன்றத்தின் செயலாளர். அவளும் அவள் சகாக்கள் ஏழு பேருமாக வந்து அவருடைய மொழி மன்றத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வந்த நேரமும் அப்படி. பத்துப் பேர்கூட இல்லாத மன்றம் மூடப்படும், அறை கலாசார மன்றத்துக்குப் போகும் என்று தலைமையாசிரியை ஆசிரியர்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். செய்தி வந்தது அதிகாலை மூன்று பத்துக்கு. அந்த வேளையிலும் ஒருவருக்கு மொழிமேல் இவ்வளவு கோபம் இருக்குமா என்று இவர் மாய்ந்துபோனார். மறுநாளே நடன ஆசிரியை டேப்போடு வந்து, கண்ணாடி மாட்டச் சுவரை அளந்துவிட்டும் போனார்.

மொழி மன்றத்தில் அப்போது இருந்தது, அவரையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருத்தி அவருடைய அக்கா மகள். பிறப்பால் வந்த உறுப்பினர் என்பதால் விலக வழியில்லை.

மன்றம் போனால் அவருக்குப் போவது வாரத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் வாரத்தில் அவர் வாழ்ந்ததே அந்த ஒரு மணி நேரம். வகுப்பில் குற்றியலுகரம் என்பது ஒரு மதிப்பெண் வினா. மன்றத்தில் அதற்கு ஒரு மணி நேரமும் போதாது. குறுகிப்போன உகரத்தைப் பற்றி அவர் குறுகப் பேசியதே கிடையாது. முடிவதுபோல வந்து மறுபடி கிளம்பும் அவருடைய வாக்கியங்களுக்காகப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அரைப்புள்ளி'. பொருத்தமான பெயர்தான் என்று அவரே ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பார். அவர் மட்டும்தான் சிரிப்பார்.

வெள்ளிதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மன்றம் கூடியது. எட்டுப் பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மற்ற மூவரும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தார்கள். செயலாளர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.

சங்கீதத்தைத்தான் கண்மூடிக் கேட்பார்கள், என் இலக்கணத்தையும் அப்படிக் கேட்கிறார்கள் என்று ஒரு வெள்ளி இரவு மனைவியிடம் சொல்லிச் சொல்லி உருகினார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அப்படித்தாங்க கேக்குறேன்" என்று மனைவி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் அக்கா மகள் தொடங்கினாள். "அந்த ஸ்டாப்வாட்ச் எதுக்குன்னு கேட்டீங்களா மாமா?"

நேரம் போவது தெரியாமல் கேட்கிறவர்களுக்குக் கடிகாரம் வேண்டாமா என்றார் அவர். அவள் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நான்கு வாரமும் அதே பேச்சு, அதே குரல், அதே நேரம். ஐந்தாம் வாரம் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கிய அட்டையின் முன்னால் பெற்றோர் கூட்டம் முண்டியடித்தது. அவரும் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார்.

'தூக்கம் வர ஆகும் நேரம்: ஓர் ஒப்பீடு' என்பது தலைப்பு. சூடான பால், முப்பத்தொரு நிமிடம். மெல்லிசை, இருபத்திரண்டு. குற்றியலுகரம், முதல் வாரம் ஒன்பது, நான்காம் வாரம் நாலு.

யாருங்க இந்தக் குற்றியலுகரம், டாக்டரா என்று கூட்டத்தில் ஒருவர் பக்கத்து ஆளிடம் விசாரித்தது அவர் காதில் விழுந்தது.

செயலாளர் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். கிண்டல் பண்ணல. நிஜமாவே வேலை செய்யுது." பரிசோதனை முடிந்துவிட்டதால் எட்டுப் பேரும் மன்றத்திலிருந்து விலகிக்கொள்வதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதையும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஒருவன் பேசினால் நாலு பேர் தூங்குவது உலகத்தில் நடப்பதுதான். தூங்கினவர்களைப் பார்த்து ரசிகர்கள் என்று உருகினானே, அவனைத்தான் முதலில் கண்காட்சியில் வைக்க வேண்டும்.

அன்று மாலையே மன்றத்தை மூடிவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். மூன்றே வரி. அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே சின்னது அதுதான்.

தலைமையாசிரியையின் மேஜையில் காலிக் காபிக் கோப்பைகள் மூன்று கிடந்தன. கடிதத்தைச் சிவந்த கண்களோடு இரண்டு தடவை வாசித்தார். அறிவியல் மன்றத்தின் அட்டையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் மேடம் என்று ஆசிரியர் தரையைப் பார்த்துச் சொன்னார். அதில் போட்டிருக்கும் கணக்கெல்லாம் உண்மையா என்று அடுத்த கேள்வி. பொய் எழுதுகிற பிள்ளைகள் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

தலைமையாசிரியை எழுந்து போய் ஜன்னல் வழியாக வராந்தாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு திட்டும் அளவுக்குப் பெரிய விஷயமாகிவிட்டதே என்று ஆசிரியர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

கடிதம் நாலாகக் கிழிந்து குப்பைக் கூடைக்குள் போனது.

"பத்துப் பேர் கணக்கெல்லாம் கிடக்கட்டும் சார்" என்றார் தலைமையாசிரியை, குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு இடம் போட்டு வைங்க. தலையணை நானே கொண்டு வந்துடறேன்."