பச்சை விளக்கு எரிகிறது

சாப்பாட்டு மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருக்கிறான் அவன். பழைய கம்ப்யூட்டரின் கூட்டுக்குள் ஹார்டு டிஸ்க்குகளைத் திணித்து அவனே கட்டிய சேமிப்புப் பெட்டி முகத்துக்கு நேராக உறுமிக்கொண்டிருக்கிறது. பச்சை விளக்கு சமர்த்தாகக் கண் சிமிட்டுகிறது. வயரில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து லேப்டாப்பில் ‘அத்தை ஸ்கேன்’ என்ற ஃபோல்டர்கூடத் தெரிகிறது. தொட்டால் மட்டும், ‘அனுமதி இல்லை’. வெளியாள் யாரும் நுழையக் கூடாதென்று நேற்று அவன் போட்ட பூட்டு, அவனையே வெளியாளாக்கிவிட்டது. மறுபடி கடவுச்சொல்லை அடிக்கிறான். மறுபடி அதே வரி. விரல் வியர்வை கீபோர்டில் மினுங்குகிறது. தரையில் கிடக்கும் போனில், ஆஸ்பத்திரியிலிருந்து பேசும் மனைவியின் குரலுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது.

“அம்மாவோட பழைய ஸ்கேனைப் பார்க்காம ஆபரேஷன்ல கை வைக்க மாட்டேங்கிறார் டாக்டர். அனுப்பிட்டீங்களா இல்லையா?”

“இதோ, ஒரு நிமிஷம்.”

“காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க! அந்த ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிப் போடச் சொன்னதும் நீங்கதானே?”

அவன்தான். எல்லாம் பெட்டியில் ஏற்றியாச்சு, இந்தக் குப்பை இனி எதற்கு என்று கேட்டவன். சுவிட்சை அணைத்துப் போடுகிறான். பெட்டி அடங்கி, மூச்சு வாங்கி, மீண்டும் உறுமுகிறது. விளக்கு பச்சை. வரி அதே வரி. போனில், சற்றுத் தள்ளி, படுத்தபடியே பேசுகிறார் மாமியார்.

“மாப்பிள்ளையை விரட்டாதடி. அவர்கிட்ட கொடுத்தா எல்லாம் பத்திரமா இருக்கும்.”