வெறுஞ்சோறு

விருந்துப் பந்தியில், ஜன்னல் வெயிலில் ஷர்லியின் இலையிலிருந்து ஆவி எழுகிறது. பருப்பும் கோதுமையும் பாலிலிருந்து வந்த எதுவும் அவள் வயிற்றுக்கு ஆகாது. தெரியாமல் தின்றாலும் இரண்டு நாள் சுருண்டு கிடப்பாள். புது மருமகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று மாமியார் சவரியம்மாள் தனிப் பானையில் வடித்த சோறு இது. வல்லத்திராக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு இன்றுதான் பயமில்லாமல் பிசையப் போகிறாள். விரல் தொடுமுன் ஒரு கரண்டி நெய் மேலே விழுந்து மினுமினுத்தபடி இறங்குகிறது. “அத்தை, நெய்யி…” என்கிறாள். “ஒனக்குப் பாலுதானத்தா ஆகாது? வெறுஞ்சோறு எழவு வீட்டுலதான் போடுவாக. நீ வாழ வந்த புள்ள” என்கிற சவரியம்மாளின் புறங்கையில் கஞ்சி வடித்த சூடு சிவந்திருக்கிறது. பந்தியே ஷர்லியின் கையைப் பார்க்கிறது. நெய் படாத ஓரமாகத் தேடி விரல் வைக்கிறாள். இலைச் சரிவில் நெய் அங்கேயும் வந்து சேர்கிறது.