கோட்டைத் தாண்டாத தண்ணீர்

ஷெட்டின் கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பி போல இறங்கி, பழைய காரின் ஓட்டுநர் இருக்கையில் குத்தி நிற்கிறது. மெக்கானிக் கண்ணாடி பாட்டிலில் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் விட்டு, அதன்மேல் கார் டேங்கிலிருந்து பிடித்த பெட்ரோலை ஊற்றிக் குலுக்குகிறார். எத்தனால் கலந்திருந்தால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடும்.

"நிறுத்தி வைக்கிற வண்டிக்கு எத்தனால் ஆகாதுக்கா, டேங்கை அரிச்சிடும். அண்ணன் இருந்திருந்தா அதைக் கிட்டவே சேர்த்திருக்க மாட்டாரு."

"அவரு பிடிவாதமெல்லாம் அவரோட போச்சு," என்கிறாள், ஆறு மாதம் முன்பு கணவனை இழந்தவள். "காலி டேங்க்ல நேத்து நான்தான் பங்க்ல வாங்கின எத்தனால் கலப்பு பெட்ரோலை ஊத்தினேன்."

பாட்டிலுக்குள் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்து அடங்குகின்றன. தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. மறுபடி குலுக்குகிறார், நிற்கிறது. "இதுல எத்தனால் பொட்டுகூட இல்லையேக்கா."

இருவரும் அலமாரியைப் பார்க்கிறார்கள். கணவர் சேர்த்து வைத்திருந்த கலப்பில்லாத பெட்ரோல் கேன் மூடி திறந்து காலியாகக் கிடக்கிறது. நேற்று அவள் ஊற்றிவிட்டுக் காலியாக வீசிய கேனோ கழுத்து வரை நிறைந்திருக்கிறது. அதன்மேல் சுருட்டி வைத்த ரப்பர் குழாயின் நுனியில் ஒரு துளி இன்னும் காயாமல் தொங்குகிறது.

"ஷெட் சாவி?"

"ராத்திரி பூரா என் தலகாணிக்கு அடியிலதான்."

அவள் பெருமூச்சு விடுகிறாள். சாப்பாட்டு மேசைச் சண்டைகளில் வரும் அதே எரிச்சலோடு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துச் சொல்கிறாள்: "சரிங்க, நீங்களே ஜெயிச்சீங்க. இனிமே அதையே வாங்கி ஊத்தறேன்."

மெக்கானிக் மட்டும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பவே இல்லை.