எதிர் வண்டிக்காரன்

“அவன் கண்ணு கூசுனாப் பத்தாது. அவியணும். அந்த மாதிரி லைட்டாக் குடு.”

சங்கரபாண்டியனின் பல்புக் கடைக்கு சுந்தர்சிங் வருவது இந்த மாதத்தில் மூன்றாவது முறை. முதல் முறை பிக்கப் வண்டியின் பழைய ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு நூறு வாட்ஸ் மாட்டினார். அடுத்த வாரம் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளை எல்.இ.டி.க்கு மாறினார். இன்றைக்கு பம்பருக்குக் கீழே மஞ்சள் ஃபாக் லைட் இரண்டு வேண்டும் என்று வந்து நிற்கிறார்.

தூத்துக்குடியில் பனிமூட்டத்தைக் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை, இங்கே மூடுவதெல்லாம் உப்புத் தூசிதான் என்று சங்கரபாண்டியன் சொல்லிப் பார்த்தான். இத்தனை வெளிச்சத்தோடு போனால் எதிரே வருகிறவன் பள்ளத்தில் இறங்கிவிடுவான் என்றும் பயமுறுத்தினான். அதற்காகத்தானே மாட்டுகிறேன் என்றார் சுந்தர்சிங்.

விஷயம் இதுதான். தினமும் விடியுமுன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் அவர். உப்பளங்களைத் தாண்டியதும், புதிதாக டைல்ஸ் கடை வந்திருக்கும் முக்கில் ரோடு இடது பக்கம் திரும்பும். அங்கே ஒருத்தன் எதிரே கண்ணில் அடித்துக்கொண்டு வருகிறான். ஒரு மாதமாக, ஒரு நாள் தவறாமல் வருகிறான்.

“நான் டிம் அடிச்சா அவனும் டிம் அடிக்கான். நான் ஹை போட்டா அவனும் போடுதான். நான் எல்.இ.டி. மாட்டுன மறுநாளே அவனும் மாட்டிட்டான்லே. யாருன்னு நெனைக்க? எம் மச்சான் ஜெபசிங்தான். போன மாசந்தான பிக்கப் எடுத்தான்.”

ஜெபசிங் இந்தக் கடைப்பக்கமே வந்ததில்லை என்று சங்கரபாண்டியன் சத்தியம் செய்தான். அப்படியென்றால் மதுரையில் போய் வாங்கியிருப்பான், அவ்வளவு பொறாமை பிடித்த பயல் என்று சுந்தர்சிங் முடித்துவிட்டார். ஃபாக் லைட் மாட்டப்பட்டது.

உண்மையில், மச்சான் மேல் அவருக்கு இருந்த கடுப்பு லைட்டில் ஆரம்பித்ததல்ல. ஜெபசிங் மகளின் நிச்சயதார்த்தத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ண இவரைக் கூப்பிடவில்லை. சுந்தர்சிங் கண்ணை மூடினால் ஆதாமில் தொடங்கி, பிரியாணி ஆறிய பிறகுதான் ஆமென் சொல்வார் என்பது அந்த ஊர்ச் சபைக்கே தெரியும். ஜெபசிங் வேறொருவரைக் கூப்பிட்டு, இரண்டே நிமிடத்தில் பந்தியை ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு நாளை மறுநாள் சாயர்புரத்தில் கல்யாணம். அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது என்று பெண்டாட்டி தேவமணியிடம் கறாராகச் சொல்லிவிட்டார் சுந்தர்சிங். அவளுக்கு இருப்பதோ ஜெபசிங் என்ற ஒரே அண்ணன். பீரோவில் எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் ஃபாக் லைட்டைப் போட்டு முற்றத்தில் அவர் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, தேவமணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது எங்க அண்ணன் இல்லன்னா?”

“அவன் இல்லன்னா, கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து, அத்தன பேரு முன்னாலயும் அவங்கிட்ட மன்னிப்பு கேக்கேன். போதுமா?”

“அப்ப நாளைக்கு நானும் வண்டில வாரேன்” என்றாள் தேவமணி.

சொன்னபடியே விடியுமுன் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான்கு லைட்டும் எரிய, ரோட்டோர உப்புக் குவியல்கள் உச்சிவெயிலில் கிடப்பதுபோல் தெரிந்தன. நடுரோட்டில் படுத்திருந்த நாய் ஒன்று, விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து சோம்பல் முறித்தது. சுந்தர்சிங் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஓட்டினார்.

முக்கு வந்தது. எதிரே வெளிச்சமும் வந்தது.

மேலே வெள்ளையாக இரண்டு. கீழே மஞ்சளாக இரண்டு.

“ராத்திரியோட ராத்திரியா ஃபாக் லைட்டும் மாட்டிட்டான் பாத்தியாளா” என்று பல்லைக் கடித்தார். அவ்வளவு சரியாக மறுநாளே செய்வதென்றால், அது தன் அண்ணனாகத்தான் இருக்கும் என்று இப்போது தேவமணிக்கே தோன்றியது. அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே வீம்பு அதிகம்.

சுந்தர்சிங் பிரேக்கை மிதித்தார். எதிர் வண்டியும் நின்றது. சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். வேண்டாங்க, கல்யாண நேரத்தில் அடிதடி வேண்டாங்க என்று தேவமணி கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

கண்கூசும் வெளிச்சத்துக்கு நடுவே எதிராளியும் இறங்கி வந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. முன்னால் தள்ளிய தொந்தியும், ஊரே தன்னுடையது என்பதுபோல் வீசி வந்த நடையும்தான் தெரிந்தன. அவன் கையிலும் ஒரு ஸ்பேனர் இருந்தது.

“ஏலே, எனக்கே ஸ்பேனரக் காட்டுதியா” என்று சுந்தர்சிங் ஓங்கினார். அவனும் ஓங்கினான்.

டைல்ஸ் கடை வாசலில், இருட்டில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் பதறி எழுந்து ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, ஒடச்சிராதீங்க. கடை முன்னால இந்தக் கண்ணாடி போட்டு ஒரு மாசந்தான் ஆவுது.”