மாப்பிள்ளை கூடையில் சிவப்புச் செருப்பு

மாப்பிள்ளையின் பெட்டியை என் மகள் வாசலில் வீசியிருந்தாள்.

"என்னம்மா சண்டை?"

"செருப்புக்கடை வெப்சைட்ல இவர் பாஸ்வேர்டைப் போட்டா யாரோ ஒருத்தி பேர் வருதுப்பா. கூடை நிறைய சிவப்பு ஹைஹீல்ஸ். கேட்டா, வாய் கூசாம சர்வர் மேல பழி போடறார்."

"மாமா, அந்த சர்வர் ஆளுக்கொரு செஷன்னு பிரிச்சு வைக்கலை. முதல்ல நுழைஞ்சவங்க கூடையையே எல்லாருக்கும் காட்டுது," என்றார் மாப்பிள்ளை.

"இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்," என்று மகள் கரண்டியை ஓங்கினாள்.

நியாயம் பார்க்க, என் போனில் என் பாஸ்வேர்டைப் போட்டேன். அதே பெண், அதே செருப்பு. எழுபது வயதில் எனக்கேது அந்தப் பாக்கியம்?

"மாப்பிள்ளை சுத்தம்மா. சர்வர்தான் கோளாறு," என்றேன்.

என் பெட்டியும் பறந்து வாசலில் விழுந்தது.

"ஏம்மா, இவர்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சே?"

"ஒருத்தி இருக்கான்னு ஒத்துக்கிட்டிருந்தா மன்னிச்சிருப்பேன்," என்று பல்லைக் கடித்தாள். "அந்த சர்வருக்குப் புரோகிராம் எழுதினதே நான்தான்."

மாப்பிள்ளை அவசரமாக ஒரு பெண்ணின் பெயரை யோசிக்க ஆரம்பித்தார்.