லேடாங் உச்சியில் எம்.சி.

படத்தைப் போட்டு அரை நாள்கூட ஆகவில்லை, சுரேன் மாட்டிக்கொண்டான்.

போட்டவர் ஜெயரட்ணம். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புக்கிட் காத்திலில் வீடு. மலை ஏறுவதைவிட ஏறிய படத்தைப் போடுவதில்தான் அவருக்கு ஆசை அதிகம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நேற்று லேடாங் மலை உச்சியில் எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் மலையேறிகள் குழுவில் ஏற்றி, நின்ற எல்லாரையும் டேக் செய்திருந்தார்.

அதில் பக்கத்து வீட்டு சுரேனும் இருந்தான். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நேற்று வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கில் எம்.சி. என்ற மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்கு மட்டம் போட்டிருந்தான். அவனுடைய மேனேஜரும் அதே குழுவில் இருக்கிறார்.

‘வயிறு எப்படி இருக்கு சுரேன்?’ என்று படத்துக்குக் கீழேயே கேட்டுவிட்டார்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த குழுவுக்கு அவல் கிடைத்தது.

சாயங்காலம் சுரேன் கேட்டருகே வந்து நின்றான்.

“அங்கிள், உச்சியிலேயே சொன்னேன்ல, என்னை மட்டும் போடாதீங்க லான்னு.”

“சொன்னே. ஏதோ கூச்சப்படுறேன்னு நெனச்சேன்.”

“இன்கொயரி வைக்கப் போறாங்களாம். வேலை போயிடும் போல இருக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும், தம்பி? சர்வீஸ் முழுக்க நான் ஒரு பொய் எம்.சி. எடுத்ததில்ல. பொய் சொல்லலாமா?”

சுரேன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, “ஆன்ட்டி இல்லையா?” என்றான்.

“காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருக்கா.”

“சரி அங்கிள்” என்று போய்விட்டான்.

ஜெயரட்ணத்துக்கு மனம் ஆறவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லத்தான் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினார்.

‘பொய் சொல்லிவிட்டு ஏறுகிறவர்களுக்கு நம் குழுவில் இடமில்லை.’

கூடவே, மலைப்பாதை ஏணிப்படி அருகே சுரேன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. ‘வழியெல்லாம் இப்படித்தான். இந்த வயதில் இவ்வளவு சோம்பலா? நான் இவன் அப்பா வயது!’

லைக் கொட்டியது. அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மனைவி யோகம் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்ன எழுதினீங்க? காட்டுங்க.”

பெருமையாகக் காட்டினார். யோகம் படித்துவிட்டுப் பையைக் கீழே போட்டார்.

“இதை அழிங்க. அவனை எம்.சி. எடுக்க வெச்சதே நான்தான்.”

“நீயா?”

“நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு இன்னும் ஒரு வருஷம் ஆகல. மலைப் பேச்சே கூடாதுன்னு டாக்டர் சொன்னார். நீங்க எங்கிட்ட மறைச்சு மலையேற பெர்மிட் எடுத்துட்டு, முதல் நாள்தான் லேடாங்னு சொல்றீங்க. நான் யாருகிட்ட போவேன்? சுரேன்கிட்ட கெஞ்சினேன். லீவு கேட்டான், கெடைக்கல. அதான்.”

“அவன் எனக்குத் துணையா? அவனால ஏறவே முடியலையே…”

“மாரத்தான் ஓடுற பையன்! நீங்க மூச்சு வாங்குறப்பல்லாம் கால் வலின்னு உட்கார்ந்திருக்கான். அவன் உட்கார்ந்தாத்தானே நீங்களும் நிப்பீங்க. உங்க மாத்திரைகூட அவன் பையிலதான் இருந்துச்சு.”

ஜெயரட்ணத்துக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அவன் உட்கார்ந்தபோதெல்லாம் கேலி செய்தார். அந்தச் சாக்கில் பாறையில் சாய்ந்து இளைப்பாறினார். அவன் உட்கார்ந்ததையும் படமெடுத்தார்.

“அதை அந்த மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றார், குரல் இறங்கி.

“நானே வந்து பேசுறேன்னு இப்ப வழியில சொன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டான். நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப குரூப்ல என்ன போட்டீங்க? சிங்கப்பூர்ல மக வீட்டுல இருக்கேன்னுதானே? அது அவனுக்குத் தெரியும். ‘விஷயம் வெளிய வந்தா அங்கிள் தலை குனிஞ்சிடுவார் ஆன்ட்டி, நான் வேற வேலை தேடிக்கிறேன்’கிறான்.”

ஜெயரட்ணத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பொய்யைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவர், மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் கூனிக் குறுகிப்போனார்.

எழுதியதை அழித்தார்.

“மகளுக்கு அனுப்பன்னு ஆஸ்பத்திரியில என்னை ஒரு படம் எடுத்தியே. இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“அனுப்பு.”

வந்தது. நெஞ்செல்லாம் ஒயர், மழிக்காத தாடி, பாதி திறந்த வாய். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்த படம்.

அதை மலையேறிகள் குழுவில் ஏற்றினார். சுரேனின் மேனேஜரை டேக் செய்தார். கீழே எழுதினார்:

‘சுரேன் கொடுத்த எம்.சி.யில் நோயாளியின் பெயர் தவறு. ஜெயரட்ணம் என்று இருந்திருக்க வேண்டும்.’